பாதரச நஞ்சு உடம்பில் போனால்: வீடா, பக்கத்து கிளினிக்கா, மெடிக்கல் காலேஜா, பெங்களூரா?

"சிவப்பழகு கிரீம் போட்டுக்கிட்டு இருந்தேன், இப்ப கால் வீங்குது, பெங்களூர் போகணுமா இல்ல நம்ம மெடிக்கல் காலேஜே போதுமா?" "பையன் லேப்ல மெர்குரிக் குளோரைடு கரைசலை பிப்பெட்ல உறிஞ்சறப்ப வாயில போயிடுச்சு, வாந்தி எடுக்க வைக்கலாமா அண்ணா?" "அப்பா சாப்பிடற மருந்துல பாதரசம் இருக்குன்னு சொல்றாங்க, அதை வெளிய எடுக்க ஊசி போடணுமாமே?"

கிருஷ்ணகிரியில் மருந்தாளுநராக இருப்பதால் இந்த மூன்று மாதிரிக் கேள்விகளும் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றிலும் பாதரசம்தான், ஆனால் மூன்றுக்கும் வழி வேறு வேறு. பையன் விஷயத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும். கால் வீங்கிய அக்காவுக்கு அந்த ஓட்டம் தேவையில்லை, சரியான பரிசோதனை நடக்கும் இடம்தான் தேவை. அப்பாவுக்கு ஊசியே தேவைப்படாமல் போகலாம். எந்த வழி என்பதை ஆஸ்பத்திரியின் பெயரை வைத்தோ டாக்டரின் பட்டத்தை வைத்தோ முடிவு செய்யாதீர்கள், எந்தப் பாதரசம், எப்படி உள்ளே போனது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது அதுதான்.

## முடிவை எதை வைத்து எடுப்பது

எந்தப் பாதரசம்? தெர்மாமீட்டரில் வெள்ளியாக உருளும் பாதரசத்தை யாராவது விழுங்கிவிட்டால் பெரும்பாலும் அப்படியே மலத்தில் போய்விடும், குடல் அதை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். அதே பாதரசம் ஆவியாகி மூச்சில் போனால் ஏறக்குறைய 80 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும். உப்புகள் வேறு ரகம். மெர்குரிக் குளோரைடு (நாட்டு மருந்துக்கடையில் வீரம், சவ்வீரம் என்பார்கள்) தண்ணீரில் நன்றாகக் கரையும், தொட்ட இடத்தை அரிக்கும், பிறகு நேராகச் சிறுநீரகத்தைத் தாக்கும். பூரம் என்கிற மெர்க்குரஸ் குளோரைடு அவ்வளவாகக் கரையாது, அதனால் ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பது அரிது, நாள்பட நாள்படத்தான் வேலையைக் காட்டும். சிவப்பழகு கிரீம்களில் பிடிபடுவதும் பெரும்பாலும் இந்த மாதிரி உப்புகள்தான். நான்காவது, மெத்தில் மெர்குரி போன்ற கரிமப் பாதரசம். அது மூளைக்குப் போகும், அறிகுறி தெரியவே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

எப்போது, எப்படிப் போனது? ஒரே தடவையாக இப்போது போனதா, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதா. வாய் வழியா, தோல் வழியா, மூச்சிலா.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது? சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின். இந்த இரண்டையும் எந்தச் சின்ன லேபிலும் அன்றைக்கே பார்த்துவிடலாம், செலவும் பெரிதில்லை. பாதரச அளவு பார்க்கும் பரிசோதனைக்குக் காத்திருந்து இதைத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம், அது தலைகீழான வேலை.

யாருக்கு? கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், சின்னக் குழந்தை என்றால் கீழே சொல்லும் எல்லா எல்லைகளையும் இன்னும் இறுக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பணமும் பாதையும் கணக்கில் உண்டு. தருமபுரியிலிருந்து சேலம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர், நடுவில் தொப்பூர் கணவாய். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டருக்குப் பக்கம், ஓசூரிலிருந்து 40. மேப்பில் பார்த்தால் ஓசூர்க்காரருக்குப் பெங்களூர் பக்கம்தான், ஆனால் அத்திப்பள்ளி தாண்டிய பிறகு மாலை நேரத்து நெரிசலில் வண்டி எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

## இப்போதுதான் உள்ளே போனது: நான்கு வழிகள்

மெர்குரிக் குளோரைடு மாதிரி கரையும் உப்பு வாயில் போனால் என்ன நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வாயில் இரும்பை நக்கியது போன்ற சுவை வரும், எச்சில் கொட்டும், உதடும் நாக்கும் உள்கன்னமும் சாம்பல் பூத்தது போல வெளுக்கும். தொண்டையிலிருந்து மேல்வயிறு வரை எரியும். வாந்தி, அதில் ரத்தம், கொஞ்ச நேரத்தில் ரத்தத்தோடு பேதி. உடம்பில் இருக்கும் தண்ணீரெல்லாம் இப்படிப் போவதால் ரத்த அழுத்தம் விழும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் குறையும், நின்றும் போகலாம். வாந்தி அடங்கியதும் "ஆள் தேறிட்டாரு" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகும் குடும்பங்கள் உண்டு. சிறுநீரகம் விழும் நேரமே அதற்குப் பிறகுதான் வருகிறது.

### வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்ப வைக்கலாம். தோலில் பட்டிருந்தால் துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவலாம், கண்ணில் பட்டிருந்தாலும் அப்படியே. பாட்டிலை எடுத்து வைக்கலாம். அவ்வளவுதான், அதுவும் வண்டி வருவதற்குள் செய்கிற வேலை.

செய்யக் கூடாததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் பக்கம் நடப்பது அதுதான். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணியைக் கரைத்து ஊற்றுவது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, இவை எதுவும் வேண்டாம். அரிக்கும் பொருள் கீழே போகும்போது ஒரு தடவை புண்ணாக்கியிருக்கிறது, மேலே வரும்போது இன்னொரு தடவை புண்ணாக்கும், நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் நிலைமை கை மீறும். பழைய புத்தகங்களில் முட்டை வெள்ளைக்கருவும் பாலும் கொடுக்கச் சொல்லியிருக்கும். புரதத்தோடு பாதரசம் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் மயக்கத்தில் இருப்பவருக்கும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, முட்டை தேடிக் கடைக்குப் போகும் நேரத்தில் பாதி தூரம் போய்விடலாம். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கரித்தூள் பல நஞ்சுகளுக்கு உதவும், உலோக உப்புகளைச் சரியாகப் பிடிக்காது.

வீட்டு வழி சரியாக வரும் இடம் ஒன்று உண்டு: தெர்மாமீட்டரைக் கடித்து, வெள்ளிப் பாதரசத்தை விழுங்கிய குழந்தை. கண்ணாடி வாயைக் கிழித்திருக்கிறதா என்று பாருங்கள், மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இல்லையென்றால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டாலே போதும், ஒரு டாக்டரிடம் போனிலாவது கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் சிந்தியதுதான் கவலை. விளக்குமாற்றால் கூட்டினால் சின்னச் சின்ன உருண்டையாகச் சிதறும், வேக்குவம் கிளீனர் அதை ஆவியாக்கி வீடு முழுக்க ஊதிவிடும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு (தங்கத்தில் பாதரசம் ஒட்டிக்கொள்ளும்), கெட்டி அட்டையால் ஒன்றாகத் தள்ளி, இறுக்கமான மூடி போட்ட பாட்டிலில் எடுங்கள். மிச்சம் இருக்கும் புள்ளிகளை செலோ டேப்பில் ஒற்றி எடுக்கலாம்.

### பக்கத்து கிளினிக் அல்லது நர்சிங் ஹோம்

பென்னாகரத்துக்கு அப்பால், அஞ்செட்டி மலைப்பக்கம், சித்தேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நரம்பில் ஊசி போட்டு சலைன் ஏற்றிவிட்டு அனுப்புவதே பெரிய உதவி, ஏனென்றால் முதல் சில மணி நேரத்தில் ஆளைக் கொல்வது நீர் இழப்பும் அதிர்ச்சியும்தான். ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது. முறிமருந்தும் டயாலிசிஸும் அங்கே இருக்காது.

சில தனியார் இடங்களில் நஞ்சு என்றதும் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்குவார்கள். 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிர் காக்கும் முதல் சிகிச்சையைக் கொடுத்தே ஆக வேண்டும், சட்ட நடைமுறை அதற்குத் தடையாக நிற்கக் கூடாது. இதைச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் வாசலில் நின்று வாதாடி அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

### அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை

கரையும் பாதரச உப்பை விழுங்கியிருந்தால் என்னுடைய முதல் தேர்வு இதுதான். தருமபுரிக் கல்லூரி 2008-லிருந்து இருக்கிறது, கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளிக் கல்லூரி 2022-ல் திறந்தது. இரவு இரண்டு மணிக்குப் போனாலும் டியூட்டி டாக்டர், லேப், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பில் நஞ்சு சிகிச்சையும் ஒரு தனிப் பிரிவு. நம் மாவட்டங்களில் பூச்சிமருந்து நஞ்சு அடிக்கடி வருவதால் அங்கிருப்பவர்களுக்கு நஞ்சு நோயாளியைக் கையாண்ட பழக்கமும் உண்டு.

குறை என்னவென்றால், பாதரச நஞ்சு அரிதானது. அதற்கான முறிமருந்தான டைமெர்கேப்ரால் ஊசி அன்றைக்கு ஸ்டாக்கில் இருக்குமா என்பது உறுதியில்லை. அதனால் போகும் வழியிலேயே ஒருவர் மருத்துவமனைக்குப் போன் போட்டு "மெர்குரிக் குளோரைடு, இன்ன நேரத்தில், ஏறத்தாழ இவ்வளவு" என்று சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் வேறு இடத்திலிருந்து வரவழைக்கும் வேலையை அவர்கள் சீக்கிரம் தொடங்க முடியாது. டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையம் 24 மணி நேரமும் வேலை செய்கிறது (1800 116 117). டாக்டரும் கூப்பிடலாம், நாமும் கூப்பிடலாம்.

### நேராகப் பெங்களூர், சேலம், வேலூர்

ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்கள் யோசிக்காமல் பெங்களூருக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். பெரிய மருத்துவமனை, எல்லா மருந்தும் இருக்கும் என்ற நம்பிக்கை. நம்பிக்கை தப்பில்லை, ஆனால் ரத்த வாந்தி எடுக்கும் ஆளை ஓசூர் அரசு மருத்துவமனையில் நிறுத்தி, சலைன் ஏற்றி, ரத்த அழுத்தத்தை நிலைப்படுத்தாமல் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டு போவது ஆபத்து. நிலைப்படுத்திய பிறகு, ஆக்சிஜன் இருக்கும் ஆம்புலன்ஸில், எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனால் இது நல்ல வழி. சிறுநீர் நின்றுவிட்டது, டயாலிசிஸ் நாள்கணக்கில் வேண்டும், குடல் ஓட்டையாகியிருக்குமோ என்ற சந்தேகம், இந்த நிலைகளில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

வெளியில் தெரியாத செலவு: முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை நம்பி மாநில எல்லை தாண்டாதீர்கள். பெங்களூர்த் தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொல்வார்கள், அந்த நேரத்தில் நகையை அடகு வைக்க ஊருக்கு ஆள் ஓடும். 108 வண்டியும் பொதுவாகப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குத்தான் போகும்.

| வழி | சரியாக வரும் நிலை | தவிர்க்க வேண்டிய நிலை | தெரியாத செலவு |
|---|---|---|---|
| வீடு | வெள்ளிப் பாதரசத்தை விழுங்கியது, அறிகுறி இல்லை | எந்தப் பாதரச உப்பும், எந்த ஆவியும் | இழந்த நேரம் |
| பக்கத்து கிளினிக், சுகாதார நிலையம் | மலைப்பகுதி, ரத்த அழுத்தம் விழுந்த நிலை. சலைன் ஏற்ற மட்டும் | இரவு அங்கேயே தங்குவது | முறிமருந்து தள்ளிப்போவது |
| மருத்துவக் கல்லூரி | உப்பை விழுங்கிய எல்லா நிலையும் | தவிர்க்க வேண்டியது கிட்டத்தட்ட இல்லை | ஊசி வரவழைக்க ஆகும் நேரம் |
| பெங்களூர், சேலம், வேலூர் | நிலைப்படுத்திய பிறகு. சிறுநீரகம் விழுந்தால் | நிலைப்படுத்தாமல் நேராகப் போவது | முன்பணம், எல்லை தாண்டினால் காப்பீடு |

தெரிந்தே குடித்திருந்தால் ஒரு வார்த்தை. மருத்துவமனையில் சட்டத் தகவல் பதிவு செய்வார்கள், அது வழக்கமான நடைமுறை. அதற்குப் பயந்து "தெரியாமல் ஏதோ சாப்பிட்டார்" என்று மறைத்தால், டாக்டர் தப்பான நஞ்சுக்கு வைத்தியம் பார்ப்பார். 2017-ன் மனநல மருத்துவச் சட்டம் அப்படிச் செய்தவரை கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லுங்கள். உயிர் தப்பிய பிறகு அவரைத் திட்டாமல் கூட இருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 104 அல்லது 14416.

## கொஞ்சம் கொஞ்சமாகப் போனது: கிரீம், மருந்து

இங்கே அவசரத்தின் அளவே வேறு. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் நடுவில் டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: சிறுநீரகத்தின் வடிகட்டி கெட்டு, புரதம் ஒழுகும் மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி நோயாளிகளில், நெல்-1 (NELL-1) என்ற புரதக் குறியீடு இருந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இதே நெல்-1 வகையைப் பாதரசம் கலந்த நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடம் முன்பே கண்டு 2022-ல் எழுதியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் நமக்கு நிம்மதி தரும் செய்தி ஒன்றுதான்: நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குப் புரதம் ஒழுகுவது குறைந்தது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பாதரசமும் அதன் கலவைகளுமான ரசம், லிங்கம், பூரம், வீரம் இவற்றைச் சுத்தி செய்து, அளவும் நாளும் பத்தியமும் பார்த்துக் கொடுக்கும் முறை அங்கே உண்டு, அரசு மருத்துவமனையிலேயே சித்தப் பிரிவும் உண்டு. என் கவலை, சீட்டில்லாமல், பெயரில்லாமல், பொட்டலத்தில் மடித்துத் தரும் பொடியைப் பற்றி. அதை மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள், என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. கிரீமும் அப்படித்தான். நம் நாட்டில் சாதாரணக் கிரீமில் தெரியாமல் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: தயாரித்தவர் முகவரி இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை, ஒரு வாரத்தில் முகம் வெளுக்கிறது என்றால் அது போதுமான எச்சரிக்கை.

நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. அறிகுறி எதுவும் இல்லை, சிறுநீரில் புரதம் இல்லை, கிரியேட்டினின் சரி என்றால் இதுவே போதும். உப்பாகப் போன பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், அதனால் மாதம் ஒரு தடவை சிறுநீர்ப் புரதம் பார்த்துக்கொண்டே வாருங்கள். வீட்டில் மற்றவர்களும் அதே கிரீம் போட்டார்களா, குழந்தை அம்மாவின் கன்னத்தைத் தடவிவிட்டு வாயில் விரல் வைக்கிறதா என்றும் பாருங்கள். தலையணை உறை, துண்டு, சீப்பு எல்லாவற்றையும் துவைத்தோ மாற்றியோ விடுங்கள். இந்த வழி தப்பாகும் ஒரே இடம், நிறுத்தினதோடு சரி என்று சோதனையையும் நிறுத்திவிடுவது.

உள்ளூரில் பரிசோதித்து, சிறுநீரக டாக்டரிடம் போவது. காலையில் எழுந்து போகும்போது சிறுநீரில் நுரை நின்று கலையாமல் கிடப்பது, கண் இமை உப்புவது, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்பது, இவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. மருத்துவக் கல்லூரியில் தொடங்கலாம், தொடர்ந்து சிறுநீரகத் திசுப் பரிசோதனை தேவைப்பட்டால் சேலம், வேலூர், பெங்களூர். இது வாரக்கணக்கில் திட்டமிட்டுச் செய்கிற பயணம், ராத்திரி ஓட்டம் கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் 120 கிலோமீட்டருக்குப் பக்கம், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். உண்மையான செலவு தங்கும் அறையிலும், கூட வருபவரின் வேலையிழப்பிலும்தான் இருக்கிறது.

பாதரச அளவு பார்க்க வேண்டுமென்றால் உப்புக்கும் ஆவிக்கும் 24 மணி நேரச் சிறுநீர், மெத்தில் மெர்குரிக்கு ரத்தம். மாதிரியை நம் ஊர் லேப் எடுத்து வெளியூருக்கு அனுப்பும், அதனால் உலோகத் தடயம் இல்லாத பாட்டில் தந்தார்களா என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் சில நாள் மீன் வேண்டாம். ஸ்கேனுக்காகக் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டிருந்தால் சில நாள் கழித்துக் கொடுங்கள்.

"டீடாக்ஸ்" நிலையம். இதைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். முதலில் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரை எடுத்து, "பாருங்க எவ்வளவு பாதரசம்" என்று காட்டுவார்கள். மருந்து கொடுத்துக் கிளப்பிவிட்டால் ஆரோக்கியமானவருக்கும் அளவு ஏறும், அதை இயல்பான அளவோடு ஒப்பிடுவது ஏமாற்று. இடிடிஏ ஏற்றுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அது ஈயத்துக்குப் பயன்படுவது, பாதரசத்துக்கு ஏற்றதில்லை, இடிடிஏவிலேயே தப்பான வகையை ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் விழுந்து உயிருக்கே ஆபத்து. எந்த நிலையிலும் இந்த வழி சிறந்தது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

## முறிமருந்துகளை ஒப்பிட்டால்

இதை நீங்களே தேர்ந்தெடுக்கப் போவதில்லை, டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனாலும் என்னிடம் "எந்த ஊசி நல்லது, அதை வாங்கிக் கொடுங்க" என்று வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

| மருந்து | எப்படிக் கொடுப்பது | எப்போது பொருந்தும் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| டைமெர்கேப்ரால் (பி.ஏ.எல்.) | தசையில் ஆழமாக ஊசி | உப்பை விழுங்கிய கடும் நிலை, வாய் வழி கொடுக்க முடியாதபோது | நிலக்கடலை எண்ணெயில் கரைத்தது, வலி, ரத்த அழுத்தம் ஏறும், மெத்தில் மெர்குரிக்குக் கூடாது |
| டி-பெனிசில்லமைன் | மாத்திரை | வாய் வழி எடுக்க முடிகிற, சிறுநீரகம் வேலை செய்கிற நிலை | பென்சிலின் ஒவ்வாமை. தானே புரதம் ஒழுக வைக்கும் |
| சக்சைமர் (டி.எம்.எஸ்.ஏ.) | மாத்திரை | உப்பு, ஆவி, கரிமப் பாதரசத்துக்கும் முயல்வார்கள் | எல்லாக் கடையிலும் கிடைக்காது, கந்தக வாடை, வயிற்றுத் தொல்லை |
| முறிமருந்து இல்லாமல் நிறுத்துவது | – | அறிகுறி இல்லாத, அளவு குறைந்த நிலை | தொடர் சோதனை தவறக் கூடாது |

டைமெர்கேப்ராலின் பலன் நேரத்தோடு குறைந்துகொண்டே போகும், விழுங்கிய சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் சிறுநீரகத்தைக் காக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் மேலே அத்தனை தடவை "பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி" என்றேன். கடலை ஒவ்வாமை இருந்தால் ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

பெனிசில்லமைன், உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோய்க்காகப் பல இடங்களில் கிடைப்பதால் அதுதான் முதலில் கைக்கு வரும். அதை யாரும் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: கிரீம் போட்டு வரும் அதே மெம்பிரேனஸ் நெஃப்ரோபதியை அந்த மாத்திரையும் வரவழைக்கும். ஏற்கெனவே புரதம் ஒழுகுகிறவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, கூடினால் கிரீமால் கூடியதா மாத்திரையால் கூடியதா என்று கண்டுபிடிக்க முடியாது.

## கரிமப் பாதரசம்: சின்ன வாய்ப்பு, பெரிய ஆபத்து

நம் பக்கம் இது அரிது. முன்பு கரும்பு, உருளை விதைகளுக்குப் பூஞ்சை மருந்தாகப் பாதரசக் கலவை பூசுவார்கள், எங்காவது பழைய டின் கிடங்கில் கிடக்கலாம். மருந்து தடவிய விதையைச் சமைக்கக் கூடாது, மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது என்பதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈராக்கில் 1971-72-ல் மெத்தில் மெர்குரி தடவிய விதைக் கோதுமை விதைப்பு முடிந்த பிறகு கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது, பசியில் அதை அரைத்து ரொட்டி சுட்டார்கள். ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அங்கேயே 459 பேர் இறந்தார்கள். சாப்பிட்டதும் ஒன்றும் ஆகாததால்தான் தொடர்ந்து சாப்பிட்டார்கள். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியலாளர் காரென் வெட்டர்ஹான் கையுறை மேல் 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி சில துளி விழுந்தது. கையுறையைத் தாண்டி அது உள்ளே போனது, அறிகுறி மாதங்கள் கழித்துத்தான் வந்தது, முறிமருந்து கொடுத்தும் 1997 ஜூனில் இறந்துபோனார்.

இங்கே ஒப்பிட இரண்டே வழிதான்: அறிகுறி வரட்டும் என்று இருப்பது, அல்லது அறிகுறி இல்லாதபோதே ரத்தப் பரிசோதனை. இரண்டாவதுதான், சந்தேகமே வேண்டாம். கை கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், பார்வை ஓரத்தில் குறுகுவது எல்லாம் தொடங்கிய பிறகு பாதரசத்தை வெளியே எடுத்தாலும் போன நரம்பு திரும்புவதில்லை. இந்த மாதிரி நிலையில் நரம்பியல் பிரிவு இருக்கும் இடத்துக்கே போங்கள், மனநலம், நரம்பியலுக்கான தேசிய நிறுவனமான நிமான்ஸ் பெங்களூரில் இருப்பது நம் மாவட்டத்துக்கு வசதி. டைமெர்கேப்ரால் போடப் பார்த்தால் "இது கரிமப் பாதரசம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள், அந்த ஊசி பாதரசத்தை மூளைக்குத் தள்ளிவிடும்.

## கையில் எடுத்துப் போக வேண்டியது

எந்த வழியில் போனாலும் பாட்டில், டப்பா, பொட்டலம், மிச்சம் இருக்கும் பொடி எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி எடுத்துப் போங்கள். லேபிளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போது, எவ்வளவு, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கூடப் போகிறவர் பதற்றத்தில் மறந்துவிடுவார். கிரீம் டப்பாவைக் கோபத்தில் சாக்கடையில் வீசிவிடாதீர்கள். டாக்டர் பார்த்த பிறகு அதையும் கடை ரசீதையும் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகாரோடு கொடுங்கள், ரசீது இல்லையென்றால் கடையின் பெயரும் வாங்கிய தேதியும் எழுதிக் கொடுத்தாலும் மருந்து ஆய்வாளர் போய் மாதிரி எடுக்க முடியும்.